கஜானா எடுத்த நோன்பு

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. அன்றைய சேலம் மாவட்டம் ஓசூர் வரை நீண்டு மைசூர் சமஸ்தானத்தின் எல்லையைத் தொட்டது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அப்போது அதற்குள்தான் அடங்கியிருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் முழு மதுவிலக்குச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த மண் இது. சென்னை மாகாண அரசின் தலைவராக இருந்த ராஜாஜி, ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், திருச்செங்கோட்டுப் பக்கம் ஆசிரமம் நடத்தியவர். தாம் நன்கறிந்த மாவட்டத்தையே சோதனைக்களமாக எடுத்துக்கொண்டார். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. குடிக்காமை என்ற ஒழுக்கத்தை ஒருவர் மேல் சட்டத்தால் சுமத்தலாமா? போலீசுக்கு அஞ்சிக் குடிக்காமல் இருப்பவன் ஒழுக்கமுள்ளவனா, இல்லை வாய்ப்பில்லாதவனா? நல்ல கேள்விகள்தாம். ஆனால் இவற்றைத் தவறான ஆளிடம் கேட்டுவருகிறோம் என்பது என் எண்ணம். குடிப்பவனைக் கூண்டில் ஏற்றி விசாரித்த அளவுக்கு விற்பவரை நாம் விசாரித்ததில்லை. இங்கே மதுவிலக்கின் ஆன்மிகச் சிக்கல் முழுவதும் விற்பவர் பக்கம்தான் இருக்கிறது.

சமயங்கள் இந்த இரண்டு ஆட்களையும் தனித்தனியாகத்தான் பார்த்தன. பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் ஐந்தாவது, போதை தருவதைத் தவிர்ப்பது. அது தன்னைத்தானே காக்க ஒருவன் ஏற்கும் விரதம். அதோடு புத்தர் நிற்கவில்லை. இல்லறத்தார் செய்யக்கூடாத வணிகங்கள் என்று ஐந்தை வகுத்தார். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. குடிப்பவனின் பலவீனத்தை ஒரு பட்டியலிலும், அந்தப் பலவீனத்தால் பிழைப்பவனின் தொழிலை ஆயுதமும் நஞ்சும் இருக்கும் இன்னொரு பட்டியலிலும் வைத்தது தற்செயலாக நேர்ந்ததில்லை. சமணமும் இல்லறத்தார்க்கு விலக்கிய தொழில்களில் மது வணிகத்தைச் சேர்த்திருக்கிறது. இஸ்லாத்தில் மதுவின் பொருட்டுச் சபிக்கப்பட்ட பத்துப் பேரைச் சொல்லும் நபிமொழி ஒன்று உண்டு. அதில் குடிப்பவன் ஒருவன் மட்டுமே. பிழிபவன், சுமப்பவன், விற்பவன், விற்ற காசைத் தின்பவன் என்று மற்றவர்களே அதிகம். கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் 1792 வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. மது விற்பனையைத் தடுக்க முயன்றவர் அவர். ஆக, ராஜாஜிக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்தக் கேள்வி இந்தப் பக்கம் வந்துபோயிருக்கிறது.

குடிப்பவன் பாவியா என்று கேட்டால் நம் மரபு ஒரே குரலில் பதில் சொல்லாது. தகடூரை ஆண்ட அதியமானை இழந்து ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் வள்ளன்மையைச் சொல்லும்போது முதலில் எடுப்பதே கள்ளைப் பகிர்ந்த விதத்தைத்தான். அந்தத் தகடூர் இன்றைய தருமபுரி. இன்றும் சேலம், தருமபுரிப் பக்கத்து முனியப்பன் கோயில்களில் படையலில் சுருட்டும் சாராயமும் இருக்கும். சாமி குடிப்பதை ஊர் தவறாக நினைப்பதில்லை. ஆகவே குடியை முழுப் பாவமாக வைத்து அதன்மேல் ஒரு சட்டத்தைக் கட்டினால், அது பலருக்குத் தம் பாட்டனையும் குலசாமியையும் குற்றவாளியாக்கும் சட்டமாகவே தெரியும். மேல்சாதிச் சைவ ஒழுக்கத்தை எல்லோர் மேலும் ஏற்றுகிறார் என்று ராஜாஜி மேல் எழுந்த குற்றச்சாட்டில் இந்த உண்மை இருந்தது. 1937இன் சட்டம் விற்பனையோடு குடிப்பதையும் குற்றமாக்கியது. மரமேறிகளின் பிழைப்பு போயிற்று. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கலாம், வெல்லம் காய்ச்சலாம் என்று மாற்று வழி சொல்லப்பட்டாலும் கள்ளின் வருமானம் அதில் வராது.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் நடந்தது, அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். ஒரு அரசு தன் வருமானத்தில் பெரிய பங்கைத் தானே வேண்டாமென்று விட்டது. 1938இல் சித்தூர், கடப்பை, 1939இல் வடஆற்காடு என்று மதுவிலக்கு விரிய விரிய இழப்பும் கூடியது. அந்தப் பள்ளத்தை அடைக்க 1939இல் ராஜாஜி பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அத்தகைய பொது வரிக்கு அதுவே தொடக்கம். வணிகர்கள் கொதித்தார்கள். எவருக்கும் பிடிக்காத புதிய வரியைப் போட்டு, பழகிப்போன எளிய வருமானத்தைக் கைவிடுவது அரசியலில் அபூர்வம். குடிமகன் தலையில் தடை வைத்தது அந்தச் சட்டத்தின் ஒரு பாதி என்றால், கஜானா தனக்குத்தானே விதித்துக்கொண்ட நோன்பு இன்னொரு பாதி. முதல் பாதியில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டாம் பாதி நம் பொதுவாழ்வின் பெரிய அறச்செயல்களில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள ராஜாஜியைவிடப் பெரியார் உதவுகிறார். ஒத்துழையாமைக் காலத்தில், சேலத்துக்கு அருகே தாதம்பட்டியில் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை அவர் வெட்டிச் சாய்த்தார். கள் இறக்கக் குத்தகைக்கு விட்டால் வரக்கூடிய பணத்தோடு மரங்களும் போயின. அதே பெரியார் பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தார். இதை முரண் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு முரண் தெரியவில்லை. தன் தோப்பை வெட்டியவன் தன் ஆதாயத்தை விட்டான், அடுத்தவன் வாயைக் கட்டவில்லை. பின்னாளில் அவர் எதிர்த்தது அடுத்தவன் வாயைக் கட்டுவதை. விற்பவனின் துறவு, குடிப்பவன் மேல் காவல் என்ற இரண்டும் வேறு வேறு செயல்கள். மதுவிலக்கு என்ற ஒரே பெயருக்குள் அவற்றைப் போட்டுக் குழப்பியதால்தான் ஒன்று தோற்றதும் மற்றதையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம்.

வடிமதுவின் வரலாறே வரியின் வரலாறுதான். கள் கலயத்தில் வடியும்போதே புளிக்கத் தொடங்கும். மறுநாளைக்கு வைக்க முடியாது, தூர ஊருக்கு அனுப்ப முடியாது, ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு அதிகாரியை உட்கார வைக்கவும் முடியாது. காய்ச்சி வடித்த சரக்கு அப்படியில்லை. கெடாது, அளக்கலாம், பூட்டி வைக்கலாம், முத்திரை குத்தலாம். அமெரிக்காவில் மலைக்கு மேற்கே இருந்த விவசாயிகள் தானியத்தைச் சுமப்பதைவிட விஸ்கியாக்கிச் சுமப்பது எளிது என்று கண்டார்கள். சுமப்பது எளிதென்றால் வரி பிடிப்பதும் எளிது என்பதை அவர்களுடைய அரசு 1791இல் கண்டுகொண்டது. எதிர்ப்பு கலகமாக மாற, 1794இல் ஜார்ஜ் வாஷிங்டன் படை திரட்டிப் போனார். அதே வாஷிங்டன், பதவியிலிருந்து ஓய்வு பெற்ற 1797இல், தம் பண்ணையில் விஸ்கி வடிக்கத் தொடங்கினார். 1799இல் அங்கே வடித்தது ஏறக்குறைய பதினோராயிரம் காலன். ஸ்காட்லாந்தில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்களை உரிமம் பெற்ற ஆலைக்காரர்களாக மாற்றியது 1823ஆம் ஆண்டின் கலால் சட்டம். சென்னை மாகாணத்திலும் அப்படியே. ஊர் ஊராகச் சிறு அடுப்புகளில் காய்ச்சியதை ஒழுங்குபடுத்தி, நெல்லிக்குப்பம் போன்ற பெரிய ஆலைகளின் கையில் சாராயம் குவிந்தது. 1886ஆம் ஆண்டின் அப்காரிச் சட்டம் கள், சாராயம் இரண்டையும் உரிமம், வரி என்ற வலைக்குள் இறுக்கியது. காலனி அரசு மதுவை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை, வருவாய் இனமாகப் பார்த்தது.

அமெரிக்க மதுவிலக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கள்ளக்கடத்தலும் துப்பாக்கியும்தான். அங்கே கவனிக்க வேண்டியது வேறு. 1920 ஜனவரியில் அமலான அவர்களின் பதினெட்டாம் திருத்தம் தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் தடுத்தது, குடிப்பதைத் தடுக்கவில்லை. வீட்டில் முன்பே வாங்கி வைத்திருந்ததைக் குடித்தவன் குற்றவாளியில்லை. அந்த விதத்தில் சேலத்துச் சட்டத்தைவிட அது நுட்பமானது. 1913இல் வருமான வரி வந்துவிட்டதால் மதுவரியை விடும் தெம்பும் அரசுக்கு இருந்தது. பிறகு விதிவிலக்குகள் நுழைந்தன. டாக்டர் சீட்டில் மருந்து விஸ்கி விற்க ஆறு நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தது. திருப்பலிக்கு ஒயின் என்று ஒரு வாசலும் திறந்திருந்தது. தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்க முடியாதபடி செய்கிறோம் என்று அரசே அதில் மெத்தனாலைக் கூட்டிச் சேர்க்க வைத்தது. குடித்தவர்கள் செத்தார்கள். விற்பவனை நிறுத்தத் தொடங்கிய சட்டம் குடிப்பவனைக் கொல்லும் இடத்துக்குப் போயிற்று. 1933இல் அது திரும்பப் பெறப்பட்டபோது, பொருளாதாரப் பெருமந்தத்தில் காய்ந்திருந்த கஜானாவுக்கு மதுவரி தேவைப்பட்டதும் ஒரு காரணம்.

இங்கும் கஜானாதான் நோன்பை முறித்தது. 1944இல் போர்க்கால ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விடுதலையை ஒட்டி வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சி 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் அதை விரித்தது. அதே 1948இல் ஓசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் அம்ருத் ஆலை தொடங்கப்பட்டது என்பது இந்த எல்லைப்புறத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடும். 1971இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது, அண்டை மாநிலங்கள் எங்கும் மது ஓடுகையில் நாம் மட்டும் தாக்குப்பிடிக்க முடியாது, புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலத்துக்குத் தருவதாகச் சொன்ன ஈட்டுத்தொகையை முன்பே கடைப்பிடிக்கும் நமக்கு மத்திய அரசு தர மறுக்கிறது என்ற காரணங்கள் சொல்லப்பட்டன. தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வரின் வீட்டுக்கே போய் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். எல்லை என்ற வாதம் பொய்யில்லை. ஆனால் 1937இலும் ஓசூருக்கு அப்பால் மைசூரின் கடைகள் திறந்தே இருந்தன. பிறகு மூடுவதும் திறப்பதுமாக ஆண்டுகள் போய், 1983இல் மது விற்பனைக்கான அரசு நிறுவனமாக டாஸ்மாக் உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. இதில் எனக்குக் கசப்பூட்டும் விஷயம் ஒன்று. கள்ளுப்பணத்தை ஈடுகட்ட வந்த விற்பனை வரி, கள்ளுப்பணம் திரும்பி வந்தபோது போகவில்லை. நோன்புக்காகப் பிடித்த காசும் நோன்பை முறித்துக் கிடைத்த காசும் ஒரே பெட்டியில் விழுகின்றன. இன்று மதுவின் மேலேயே மதிப்புக் கூட்டு வரி என்ற பெயரில் அந்த வரியும் விழுகிறது.

நீதிமன்றம் இந்த நிலையை ஒரு தத்துவமாகவே ஆக்கிக்கொடுத்தது. பெங்களூர் கோடே ஆலையார் தொடுத்த வழக்கில், மது வணிகம் செய்ய எந்தக் குடிமகனுக்கும் அடிப்படை உரிமை இல்லை, அது தீங்கான பண்டம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அரசு விரும்பினால் அதைத் தடுக்கலாம், தன் தனியுரிமையாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம் என்பதும் அதே கோட்பாட்டின் பகுதி. சட்டமாக இது நிற்கும். அறமாக நிற்குமா? ஒரு தொழில் குடிமகன் செய்யத் தகாத அளவுக்கு இழிவானது என்றால், குடிமகனின் பெயரால் இயங்கும் அரசு அதைச் செய்யும்போது இழிவு எங்கே போகிறது? கேடு என்று பாட்டிலில் அச்சிட்டு அதே பாட்டிலை நீட்டும் கையை நோக்கித்தான் புத்தரின் இரண்டாம் பட்டியல் பேசுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது விஷச்சாராயத்தைப் பற்றியது. அரசு விற்காவிட்டால் மெத்தனால் விற்கும் என்பார்கள். இந்த எல்லைப்புறத்துக்கு அது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2007 ஜூலையில் கர்நாடகம் பாக்கெட் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம் பெங்களூர், கோலார்ப் பக்கங்களிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக விஷச்சாராயத்துக்கு நூற்றைம்பது பேருக்கு மேல் பலியானார்கள். தடை கொல்லும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அரசு விற்பனை காப்பாற்றும் என்பதற்குச் சாட்சி எங்கே? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது தமிழ்நாடெங்கும் டாஸ்மாக் கடைகள் திறந்தே இருந்தன. குவாட்டர் பாட்டிலின் விலை கூலிக்காரருக்கு எட்டவில்லை, கள்ளச்சாராயப் பாக்கெட் எட்டியது. கலயத்தில் வரும் கள்ளை அரசு அனுமதிக்கவும் இல்லை. 1987இலிருந்து அது தடையில் இருக்கிறது. ஏழையைக் காப்பதுதான் நோக்கமென்றால் மெல்லிய போதையுள்ள, மெத்தனால் கலக்கத் தேவையில்லாத மரத்துக் கள்ளை மூடி, கரும்பாலைக் கழிவிலிருந்து வடித்த ஸ்பிரிட்டை விஸ்கி என்ற பெயரில் விற்பது ஏன்? கள்ளில் கணக்கு வைப்பது கடினம், பாட்டிலில் எளிது. முன்பு சொன்ன வரி வரலாறு இங்கே வந்து முட்டுகிறது. கர்நாடகமும் வேறு மாதிரி இல்லை. சாராயப் பாக்கெட்டைத் துறந்தது, விஸ்கியை அட்டைப் பாக்கெட்டில் அடைத்து விற்க விட்டது. அந்தப் பாக்கெட்டுகள்தாம் இன்று எல்லை தாண்டி இந்தப் பக்கம் பிடிபடுகின்றன.

அடுத்த மறுப்பு நலத்திட்டங்களைப் பற்றியது. 2023–24இல் மதுவால் தமிழ்நாட்டு அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். சத்துணவும் மகளிர் உரிமைத் தொகையும் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்பவரின் சம்பளத்திலிருந்து எடுத்து, அவர் மனைவிக்குத் திருப்பிக் கொடுப்பதில் ஒரு பங்கீடு நடக்கிறது என்றுகூட வாதாடலாம். நடுவில் அவர் ஈரல் போகிறது, அது கணக்கில் வராது. வள்ளுவரின் அமைப்பு இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவியின் பக்கம் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், சூதுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் குடிப்பவனிடம் பேசுகிறாரே தவிர, அவனைத் தண்டி என்று அரசனிடம் சொல்லவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அவர் சொன்னது வேறு அதிகாரத்தில், அமைச்சை ஒட்டி வரும் வினைத்தூய்மையில் இருக்கிறது. பெற்ற தாயின் பசியைக் காரணம் காட்டியும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்ற பொருளில் ஒரு குறள் அங்கே வருகிறது. சத்துணவு வாதத்துக்கு இதைவிட நேரான பதிலை நான் கண்டதில்லை.

அரசு விலகினால் தனியார் வருவார், ஏலம் எடுத்த சாராய முதலாளிகளை மறந்துவிட்டீர்களா என்று கேட்பவர்களும் உண்டு. மறக்கவில்லை. இந்த இடத்தில் என் வாதத்தை நானே திருத்திக்கொள்ள வேண்டும். விற்பதே அதர்மம் என்றால் சுவீடனைச் சொல்லி மடக்கிவிடலாம். அங்கேயும் அரசு நிறுவனம்தான் மதுவைச் சில்லறையில் விற்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூடுகிறது, தள்ளுபடி கொடுப்பதில்லை, விற்பனையைக் கூட்டுவது அதன் வேலை என்று கருதுவதில்லை. அந்த ஏற்பாட்டின் வேர் 1865இல் கோதன்பர்க் நகரில் தொடங்கிய முறையில் இருக்கிறது. லாபம் தனியார்க்குப் போகக்கூடாது என்று ஒரு பொது நிறுவனத்திடம் விற்பனையை ஒப்படைத்தார்கள். லாபத்தின் பெரும்பகுதி நகராட்சிக்குப் போனது, கொஞ்ச காலத்தில் நகராட்சிகளே அந்தக் காசுக்குப் பழகிவிட்டன. ஆகவே சோதிக்க வேண்டியது கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அல்ல. நாளை ஊரில் பாதிப் பேர் குடியை விட்டால் கஜானா மகிழுமா, பதறுமா என்பதை. பதறும் கஜானா ஒரு குடும்பத்தின் மீட்சியைத் தன் இழப்பாக எழுதிக்கொள்கிறது. அந்த இடத்தில் நிற்கும் அரசு, போதை மீட்பு மையங்களை எத்தனை திறந்தாலும் அவை வெற்றிபெற முழுமனதோடு விரும்ப இயலாது. சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் மதுக்கடைகளுக்கு எதிராகப் போராடிப் போராடி, 2015இல் கன்னியாகுமரி மாவட்டத்து அலைபேசிக் கோபுரத்தில் உயிரையே விட்டபோது, மோதியது இந்தப் பதற்றத்தோடுதான்.

நோன்பு எடுப்பதற்கு ராஜாஜிக்கு ஒரு கருவி கையில் இருந்தது. மாகாணம் தானே புதிய வரி போடலாம். 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் பெரும்பாலான பண்டங்கள் மேல் வரி விதிக்கும் தனி அதிகாரம் மாநிலத்திடம் இல்லை. மிஞ்சியவற்றில் பெரியவை பெட்ரோலியமும் குடிக்கும் மதுவும். 1939இன் விற்பனை வரி போன்ற ஒன்றை இன்றைய முதல்வர் எவரும் தனியாகக் கொண்டுவர முடியாது. மதுவிலக்குக்கு முயல வேண்டும் என்று அரசை நோக்கிச் சொல்லும் அரசியலமைப்பின் 47ஆம் கூறு மத்திய அரசையும் சேர்த்தே பேசுகிறது. 1971இல் ஈட்டுத்தொகையை மறுத்த தில்லி, மாநிலத்துக்கு மது வருமானத்தைத் தவிர வேறு வழிகளைக் குறைத்த தில்லி, இந்த விசாரணையில் இன்னும் ஆஜராகவில்லை.